முதல் இரண்டு நிமிடம்

பத்து நிமிட மாணவப் படத்தில் தொடக்கக் காட்சிக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்குள் பார்வையாளர் மனத்தில் மூன்று கேள்விகள் எழுந்துவிடுகின்றன. இது எந்த ஊர்? இது யாருடைய கதை? இந்தப் படத்தை எப்படிப் பார்க்க வேண்டும்? முதல் இரண்டுக்கும் விடை சற்றுத் தாமதமாக வந்தாலும் அவர் பொறுத்துக்கொள்வார். மூன்றாவதற்கு அந்தப் பொறுமை கிடையாது. கேமரா ஓரிடத்தில் நின்று பார்க்கிற படமா, ஆளோடு சேர்ந்து நடக்கிற படமா, பேச்சால் நகர்கிறதா, ஓசையால் நகர்கிறதா என்பது முதல் சில ஷாட்களிலேயே தெரிந்துவிட வேண்டும். தொடக்கக் காட்சி கதையைச் சொல்வதற்கு முன்பே பார்க்கும் முறையைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

1977இல் வெளிவந்த பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ ஒரு ரயில் நிலையத்தில் காத்திருக்கும் மயிலைக் காட்டித் தொடங்குகிறது. அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்பதைப் படம் முழுக்கச் சொல்லிவிட்டு அதே காத்திருப்புக்குத் திரும்பி வருகிறது. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ இன்னும் நேரடியானது. கோபத்தோடு விறுவிறுவென்று நடக்கும் ஒருவன், பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகனை வகுப்பிலிருந்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். நடை, வெயில், பேசாத சிறுவன் ஆகிய மூன்றும் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. மீதிப் படமும் அவற்றால்தான் ஆனது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிப் பக்கத்துப் பொட்டலில் எடுக்கப்பட்ட அந்தப் படம் 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. மாணவப் படங்களிலேயே உதாரணம் வேண்டுமென்றால், போலந்தின் வூட்ச் திரைப்படப் பள்ளியில் ரோமன் போலன்ஸ்கி 1958இல் எடுத்த ‘இரண்டு மனிதர்களும் ஓர் அலமாரியும்’ இருக்கிறது. கடலுக்குள்ளிருந்து இரண்டு பேர் பெரிய அலமாரியைச் சுமந்துகொண்டு கரையேறுகிறார்கள். விளக்கம் எதுவும் கிடையாது. அந்த ஒரு பிம்பத்தை ஏற்றுக்கொண்ட பார்வையாளர் அதன்பின் எதையும் ஏற்றுக்கொள்கிறார்.

தமிழில் திரைப்பட மாணவர்களின் உழைப்பைப் பெருந்திரையில் ஊர் முழுக்கப் பார்த்தது 1986இல். சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள் சேர்ந்து உருவாக்கிய ‘ஊமை விழிகள்’ அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. ஆபாவாணன் எழுத, ஆர். அரவிந்தராஜ் இயக்கினார். ஒதுக்குப்புறமான ஒரு சுற்றுலா விடுதியும் அதற்குப் போகும் ஆளரவமற்ற சாலையும் அந்தப் படத்தில் ஒரு கதாபாத்திரம் அளவுக்கு வேலை செய்தன. குறைந்த வசதியோடு படமெடுப்பவர்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. நட்சத்திரம், அரங்கம், பெரிய விளக்குகள் எதுவும் கைக்கு எட்டாதபோதும் இடம் எட்டும். இடத்தைச் சரியாகப் படித்தால் பாதிக் காட்சி எழுதப்பட்டதற்குச் சமம்.

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்து எம்.ரெட்டியபட்டியைச் சுற்றியுள்ள மானாவாரி நிலம் இப்படிப் படிப்பதற்கு ஏற்ற இடம். வானம் பார்த்த பூமி. கண்மாயும் ஊருணியும் நிறைவது வடகிழக்குப் பருவமழையைப் பொறுத்தது. மழை பெய்தால் கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் மல்லியும். பெய்யாத இடத்தில் சீமைக்கருவேலம். அந்த மரத்தை வெட்டி மண்ணால் மூடிக் கரியாக்கும் கரிமூட்டத் தொழில் விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட ஊர்களில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பக்கத்து ஊரில் தங்கிப் படிக்கும் காட்சித் தொடர்பியல் மாணவர் ஒருவர் தேர்ந்தெடுக்கக்கூடிய கதைக்களம் இது. விளக்கத்துக்கு வசதியாகக் கரிமூட்டத்தை வைத்தே ஒரு தொடக்கக் காட்சியை வடிவமைத்துப் பார்க்கலாம்.

கதை ஒரே வரியில் அடங்க வேண்டும். பிளஸ் டூ தேர்வு நாளன்று, அப்பா ஊரில் இல்லாத நேரத்தில், புகைந்துகொண்டிருக்கும் மூட்டத்துக்கு ஒரு பையன் தனியாகக் காவல் இருக்கிறான். அவ்வளவுதான். இந்த வரியில் ஏற்கெனவே ஒரு நெருக்கடி இருக்கிறது. மூட்டத்தின் வேலை முறை தெரிந்தவர்களுக்கு அது உடனே புரியும். விறகை நெருக்கமாக அடுக்கி, தழையும் வைக்கோலும் பரப்பி, மேலே ஈரமண் போட்டு மூடி, உள்ளே தீ வைக்கிறார்கள். காற்று அளவோடு போனால் விறகு வெந்து கரியாகும். விறகு வேக வேக உள்ளே இடம் குறைந்து மேல்மண் அமிழும். அப்போது வெடிப்பு விழும். வெடிப்பு வழியாகக் காற்று புகுந்தால் உள்ளே தீ கிளம்பி, நாள் கணக்கான உழைப்பு சாம்பலாகிவிடும். அதனால் இரவும் பகலும் ஆள் இருந்து வெடிப்பை மண் போட்டு அடைக்க வேண்டும். பள்ளிப் பேருந்து ஒரு பக்கம், வெடிக்கும் மண் ஒரு பக்கம்: பார்வையாளருக்கு இந்த இரண்டையும் தெரிய வைத்துவிட்டால் தொடக்கக் காட்சி தன் வேலையை முடித்துவிட்டது.

எழுதும்போது பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை, தகவல் முழுவதையும் முதல் பக்கத்தில் கொட்டுவது. அப்பா எங்கே போனார், கடன் எவ்வளவு, பையன் எத்தனை மதிப்பெண் வாங்குவான் என்பதெல்லாம் பின்னணிக் குரலில் வந்து சேர்ந்துவிடும். பின்னணிக் குரலை எடுத்துவிட்டு மறுபடி எழுதிப் பார்ப்பது நல்லது. இருட்டில் மண்வெட்டி மண்ணில் இறங்கும் ஓசை. ஒரு கை வெடிப்பை அடைக்கிறது. கையில் பழைய கைக்கடிகாரம். கொடியில் தேய்த்து மடித்த பள்ளிச் சீருடை, புகை படாதிருக்க ஒரு துணிப்பைக்குள். தூரத்துச் சாலையில் பேருந்தின் ஹாரன். பையன் நிமிர்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு வெடிப்பு விழுகிறது. இவ்வளவுக்கும் ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை. திரைக்கதை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைப்பார்கள். இப்படி வசனமில்லாத காட்சியில் அந்தக் கணக்கு தவறும். அரைப் பக்கம் இரண்டு நிமிடம் ஓடலாம். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு காட்சியை நடித்துப் பார்த்து அளப்பதே நம்பகமானது.

வசனம் வேண்டுமென்றால் ஒன்று போதும். அந்த வழியாக ஆடு ஓட்டிச் செல்லும் ஒரு மூதாட்டி, “ஏய்யா, பரிச்ச எழுதப் போகலையா?” என்று கேட்டுவிட்டு நிற்காமல் போகலாம். அதில் வயது, உறவு, ஊர் எல்லாம் இருக்கிறது. மதுரைக்குத் தெற்கே பெரியவர்கள் பிள்ளைகளை ‘ஏய்யா’ என்று கூப்பிடும் வாஞ்சையை எழுத்துத் தமிழால் ஈடுசெய்ய முடியாது. வசனத்தைத் தாளில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, நிலைமையைச் சொல்லி அவர் எப்படிக் கேட்பாரோ அப்படியே கேட்கச் சொல்வது மேல். கரிசல் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் நிறைய உண்டு. ஆடு மேய்ப்பவர் பேரனிடம் எந்த மொழியில் பேசுவார் என்பதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும்.

அடுத்தது இடம் பார்ப்பது. காட்சி விடியற்காலையில் நடக்கிறது என்றால் இடத்தையும் விடியற்காலையில் போய்ப் பார்க்க வேண்டும். மத்தியானம் போய்ப் பார்த்து முடிவு செய்தவர்கள் படப்பிடிப்பு நாளில் சூரியன் வேறு திசையில் எழுவதைக் கண்டு கேமராவை மாற்றி வைக்க நேர்கிறது. இந்த வட்டாரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் ஒன்பதரை டிகிரியில் இருக்கிறது. மார்ச் நடுவில், அதாவது தேர்வுக் காலத்தில், சூரியன் ஏறக்குறைய 6.25க்கு உதிக்கும். அதற்கு முந்தைய நீல வெளிச்சம் நமக்கு இருபது நிமிடம்தான் நன்றாகக் கிடைக்கும். ஐரோப்பியப் படங்களில் வரும் நீண்ட அந்திப் பொழுது இங்கே கிடையாது. பொழுது சட்டென்று விடிந்துவிடுகிறது. ஆகவே நீல வெளிச்சத்தில் ஆறு ஷாட் எடுக்க நினைக்கும் குழு, ஒரே காலையில் அத்தனையையும் முடிக்க முடியாது. நாளுக்கு இரண்டு ஷாட் வீதம் மூன்று விடியல்கள் என்று திட்டமிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

வெயில் ஏறிய பிறகு சிக்கல் வேறு மாதிரி. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் இங்கே கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக நிற்கும். நிழல் காலடிக்குள் சுருங்கும். முகத்தில் கண்குழிகள் கறுத்துப்போகும். அந்தக் கடுமையே கதைக்கு வேண்டும் என்றால் அதைப் பயன்படுத்தலாம். வேண்டாமென்றால் முற்பகல் ஒன்பது மணிக்குள் முடித்துக்கொண்டு, மாலை நாலரைக்கு மேல் மறுபடி தொடங்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் உள்ளே நடக்கும் காட்சிகளை எடுக்கலாம். கைபேசியில் படமெடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நேரடி வெயிலில் சூடேறிய கைபேசி பதிவை நிறுத்திவிடும். குடை கேமராவுக்கும் வேண்டும்.

பருவம் இன்னும் பெரிய விஷயம். ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் நிலமும், ஐப்பசி மழைக்குப் பிறகு முளை விட்ட நிலமும், மார்கழிப் பச்சையும், பங்குனிப் பொட்டலும் வெவ்வேறு நாடுகள் போல இருக்கும். தேர்வுக் காலக் கதையை டிசம்பரில் எடுத்தால் பின்னணியில் பயிர் நின்று பொய் சொல்லும். சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’க்காக 1952 அக்டோபரில் நாணல் பூத்த வெளியில் முதல் காட்சிகளை எடுத்தார். அடுத்த முறை குழுவோடு அதே இடத்துக்குப் போனபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீதியை எடுக்க மறுபடி பூக்கும் வரை காத்திருந்தார்கள். மாணவர்களுக்கு அப்படிக் காத்திருக்க ஒரு பருவம் கிடைக்காது. கல்லூரி ஒப்படைப்புத் தேதி வந்துவிடும். எனவே அகலமான நிலக்காட்சிகளை எடுக்கத் தொடங்கிய வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். அண்மைக் காட்சிகளைப் பிறகு வேறு நாளில் எடுத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

கரிமூட்டத்துக்கென்று இன்னொரு தொடர்ச்சி இருக்கிறது: புகையின் நிறம். தீ வைத்த தொடக்கத்தில் விறகின் ஈரம் ஆவியாகி அடர்ந்த வெள்ளைப் புகை வரும். வேலை முடியும் தறுவாயில் அது மெலிந்து நீலம் பூத்ததாக மாறும். கதையில் மூட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுதும்போதே தீர்மானிக்காவிட்டால், ஒரு ஷாட்டில் வெள்ளைப் புகையும் அடுத்த ஷாட்டில் நீலப் புகையும் வந்து நிற்கும். நகரத்துப் பார்வையாளருக்குத் தெரியாமல் போகலாம். தொழில் செய்பவர்கள் அரை நொடியில் கண்டுபிடிப்பார்கள். படத்துக்காகத் தனியாக மூட்டம் போடுவதற்குச் செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம். உண்மையில் தொழில் நடக்கும் இடத்தில், உரிமையாளரின் ஒப்புதலோடு, அவர்கள் தீ வைக்கும் தேதியை வைத்துப் படப்பிடிப்பு அட்டவணையை எழுதுவதே சரி. மூட்டத்தின் மேல் யாரும் ஏறக்கூடாது. உள்ளே கனலும் இடத்தில் மண் உள்வாங்கினால் கால் கருகிவிடும். புகையில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும். நடிப்பவரும் கேமராக்காரரும் காற்று வரும் பக்கமாகவே நிற்க வேண்டும்.

இடமும் பருவமும் முடிவான பிறகுதான் ஷாட் பிரிக்க உட்கார வேண்டும். ராய் தன் முதல் படத்தை முழுத் திரைக்கதையாக எழுதுவதற்குப் பதில் ஓவியங்களாகவும் குறிப்புகளாகவும் வைத்திருந்தார். வரையத் தெரியாதவர்கள் கைபேசியில் நண்பரை நிற்க வைத்து எடுத்த நிழற்படங்களை வரிசைப்படுத்தினாலே போதும். மேலே சொன்ன காட்சிக்குப் பத்து ஷாட் தாராளம். அகலக் காட்சி ஒன்று, மூட்டமும் தூரத்துச் சாலையும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கும்படி. இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் கதை என்பதால் இதை விடக் கூடாது. வெடிப்பு, கை, கடிகாரம், சீருடை ஆகியவற்றுக்கு அண்மைக் காட்சிகள். பையன் முகத்துக்கு ஒன்று. பேருந்து இடமிருந்து வலமாகப் போகிறது என்றால், அவன் பார்வையும் அதற்கு ஏற்ற திசையில் இருக்க வேண்டும். பையனுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோட்டைப் போட்டு, கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்குமாறு பார்த்துக்கொண்டால் திசை குழம்பாது.

ட்ரோன் ஷாட்டோடு தொடங்க வேண்டும் என்ற ஆசை இப்போது எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறது. ஊரை மேலிருந்து காட்டுவது அழகாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் இந்தக் கதையில் யார் மேலிருந்து பார்க்கிறார்கள்? மண்ணருகே குனிந்திருக்கும் பையனின் கதைக்குக் கேமராவும் மண்ணருகே இருப்பதுதான் பொருத்தம். அதையும் மீறிப் பறக்கவிட நினைப்பவர்கள், 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மண்டலம் பிரித்திருப்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

புகையைப் படமாக்குவதில் ஒரே சூத்திரம், வெளிச்சம் புகைக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். அதற்கும் பின்னால் இருட்டு வேண்டும். வெளிறிய வானத்துக்கு எதிரே வெள்ளைப் புகை காணாமல் போகும். கேமராவைச் சற்றே உயர்த்தி வைத்துக் கருவேலங்காட்டைப் பின்னணியாக்கினால் அதே புகை உருவம் பெறும். குழல் விளக்கோ தெருவிளக்கோ சட்டகத்துக்குள் வருமானால் ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒரு பங்காக வைக்க வேண்டும். இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேறு வேகத்தில் விளக்கு துடிப்பது போலப் பதிவாகலாம்.

மாணவப் படங்கள் பெரும்பாலும் தோற்பது ஒலியில். பொட்டல் வெளியில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. மைக்குக்கு ரோமக் கூடு மாட்டாமல் எடுத்த எந்த ஒலியும் பயன்படாது. மயில் அகவல், ஆட்டு மணி, கோயில் ஒலிபெருக்கி, சாலை லாரி எல்லாம் எடுப்பவரின் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்க, ஒரு நிமிடம் வெறும் சூழல் ஒலியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு எடிட்டிங்கில் இரண்டு ஷாட்களுக்கு நடுவே உள்ள ஒலி இடைவெளியை அதுதான் நிரப்பும். மண்வெட்டி, மண் சரிவது, பேருந்து ஹாரன் ஆகிய மூன்றையும் படமெடுக்காமல் ஒலியாக மட்டும் தனியே எடுத்து வைக்கலாம். பேருந்தை வாடகைக்கு எடுக்கப் பணம் இல்லாத குழுவுக்கு, பேருந்து கண்ணில் படாமல் காதில் மட்டும் விழுவது மலிவானது. காட்சிக்கும் அது கூடுதல் ஏக்கம் தருகிறது.

அனுமதிகளில் எழுத்து வேலை கொஞ்சம் உண்டு. நில உரிமையாளர், ஊராட்சித் தலைவர், எம்.ரெட்டியபட்டி காவல் நிலையம் ஆகிய மூவருக்கும் தேதி, இடம், ஆட்களின் எண்ணிக்கை எழுதிக் கல்லூரி முத்திரையோடு கடிதம் கொடுப்பது பல சங்கடங்களைத் தவிர்க்கும். பதினான்கு வயது நிறையாத குழந்தைகளை நடிக்க வைத்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தீயும் புகையும் உள்ள இந்தக் காட்சிக்கு, பிளஸ் டூ மாணவனாக முதலாண்டுக் கல்லூரி மாணவர் ஒருவரை நடிக்க வைப்பதே எல்லா வகையிலும் பாதுகாப்பு.

முதல் காட்சியை முதல் நாளில் எடுக்கக் கூடாது. முதல் நாளில் குழுவுக்கு ஒருவர் கை ஒருவருக்குப் பழகியிருக்காது. நடிப்பவர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார். இயக்குநர் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தடுமாற்றம் படத்தின் நடுவில் எங்காவது விழுந்தால் மறைந்துவிடும். தொடக்கத்தில் விழுந்தால் மறையாது. முதல் நாளைச் சாலையில் பையன் நடக்கும் காட்சிகளுக்கு ஒதுக்கிவிட்டு, இரண்டாம் நாளிலிருந்து மூட்டத்துக்குப் போகலாம். ராயும் படத்தின் நடுவில் வரும் காட்சியில்தான் தொடங்கினார்.

எடிட்டிங் மேசையில் தொடக்கக் காட்சி மறுபடி பிறக்கிறது. எழுதியபோது முதலாவதாக இருந்த அகலக் காட்சி நான்காவதாகப் போகலாம். திரை இருட்டாக இருக்கும்போதே மண்வெட்டி ஓசை தொடங்கி, கை தெரிந்து, பிறகு புகை தெரிந்து, கடைசியில் நிலம் முழுதும் திறந்தால் பார்வையாளர் தானாகவே நெருங்கி உட்காருவார். தலைப்பை எங்கே வைப்பது என்பதும் இங்கேதான் முடிவாகும். இரண்டாவது வெடிப்பு விழுந்த நொடியில் இருட்டாக்கி அங்கே வைத்தால், தலைப்பு ஓடும் நேரம் முழுக்கக் கேள்வி தொங்கிக்கொண்டிருக்கும். திரைப்படப் பாடல்களைப் பின்னணியில் சேர்ப்பது உரிமைச் சிக்கலில் கொண்டுபோய் விடும். இந்தக் காட்சிக்கு இசையே இல்லாமல் இருப்பது நல்லது.

முதல் வெட்டு முடிந்ததும் கதை தெரியாத நாலைந்து பேருக்கு இந்த இரண்டு நிமிடத்தை மட்டும் போட்டுக் காட்டி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். “அவன் பஸ்ஸைப் பிடிப்பானா?” என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் காட்சி சரியாக இருக்கிறது. “அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்?” என்று கேட்டால், மூட்டம் என்பது அவர்களுக்குப் புரியவில்லை, ஒரு ஷாட் குறைகிறது. அதே பிரதியை மூட்டம் போடுகிறவர்களிடமும் ஒரு மாலையில் மடிக்கணினியில் காட்ட வேண்டும். அவர்கள் கதையைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருக்கலாம். வெடிப்பை அடைக்க உலர்ந்த மண்ணா போடுவான், ஈரமண் அல்லவா என்று கேட்பார்கள். அந்த ஒரு ஷாட்டைத் திரும்ப எடுக்கக் கேமராவை இன்னொரு காலைக்குக் கடன் வாங்கி வைத்திருப்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும்.